மலையகத் தண்ணீரில் மீன் குஞ்சுக்கு ஒளிக்குறி

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ மவுசாகலை நீர்த்தேக்கத்திலோ விட்ட திலாப்பியாக் குஞ்சில் எத்தனை பிழைத்தது என்று பார்க்க, குஞ்சுக்கு அடையாளம் வேண்டும். விரல் நீளக் குஞ்சில் வெளியே கட்டும் அடையாளப் பட்டி நிற்பது கடினம். ஒட்சிடெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த தண்ணீரில் ஓர் இரவு விட்டால், அது கல்சியத்தோடு சேர்ந்து மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் (காதுக்கல்) படிந்து, பிறகு புற ஊதா ஒளியில் ஒளிரும்.

வழக்கமான அளவு லீற்றருக்கு 500 மில்லிகிராம். 100 லீற்றர் தொட்டிக்கு 50 கிராம். இது தூய மருந்தின் கணக்கு. கால்நடைக்கு விற்கும் பொடியில் 20 வீதம்தான் மருந்து என்றால் 250 கிராம் போடவேண்டும், மிச்சமெல்லாம் மாவு. தண்ணீர் கலங்கும். கூடக் காசு போனாலும் தூயதே வாங்குங்கள்.

மலையகத்தில் காலை வாருவது மருந்தில்லை, தண்ணீர். ஓடைத் தண்ணீரில் கல்சியம் குறைவு. அதனால் மருந்து தண்ணீரிலேயே கட்டுப்பட்டு வீணாவதில்லை, அது லாபம். ஆனால் அமிலத்தைத் தாங்கும் காரமும் அதில் இல்லை. மருந்தின் ஹைட்ரோகுளோரைட் பொடி கரைந்ததும் பிஎச் (அமில அளவு; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம்) 4க்கும் கீழே போகும். அப்படியே குஞ்சை விட்டால் செவுளில் சளி கட்டி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்பச்சோடாவை 10 கிராமில் தொடங்கி, கலக்கிக் கலக்கி, பிஎச் மீற்றர் 7 காட்டும்வரை சேர்க்கவும். சோடா அமிலத்தில் பட்டதும் கரியமில வாயு பொங்கும். காற்றுக்கல்லை ஓடவிட்டு அரை மணி நேரம் பொறுத்து, பிஎச்சை மறுபடி பார்த்த பிறகே குஞ்சு. அவசரப்பட்டால் பிஎச் சரியாக இருந்தும் குஞ்சு மயங்கும்.

குஞ்சுக்கு முதல் நாளே தீனியை நிறுத்தவும். வெளிச்சம் பட்டால் மருந்து சிதைந்து தண்ணீர் கபில நிறமாகும், எனவே கறுப்புப் பொலித்தீனால் மூடி இரவில் செய்வதே நல்லது. நுரை ஏறும், குஞ்சு அதில் சிக்கும். வலையால் வழித்துக்கொண்டே இருக்கவேண்டும். கரண்ட் போனால் உதவ பற்றரி பம்ப் பக்கத்திலேயே இருக்கட்டும். மருந்தில்லாத தொட்டியில் 50 குஞ்சை அதே மாதிரி வைத்தால்தான் சாவுக்குக் காரணம் மருந்தா, கையாண்ட விதமா என்று தெரியும்.

குளிர்த் தண்ணீரில் வளர்ச்சி மெதுவு. மூன்று வாரமாவது விட்டு, பிறகு சில குஞ்சின் காதுக்கல்லை எடுத்துக் குறி பதிந்ததா என்று பாருங்கள். திலாப்பியாவில் பெரிய காதுக்கல்லான சஜிட்டாவையும், கெண்டை இனத்தில் லப்பிலஸ் என்ற காதுக்கல்லையும் எடுக்கவும். கல்லை ஒட்டும் பசையே சில நேரம் ஒளிரும், ஆகவே வெறும் பசையை முதலில் பார்த்துவிட்டு, கல்லை 1200 மணல்தாளில் ஈரமாகத் தேய்க்கவும். புற ஊதா ஒளியில் மஞ்சள் வளையம் தெரியும்.

மிஞ்சிய தண்ணீரை ஓடையில் ஊற்றவே கூடாது. அது களனி ஆற்றுக்குப் போகிற தண்ணீர். திறந்த தொட்டியில் வெயில் காட்டி, கரி வடிகட்டியில் விட்டு, ஓடைக்குத் தூரமான குழியில் இறக்கவும்.