நீங்க எந்தச் சபை?

போன டிசம்பரில் டோர்செட் ரோட்டிலுள்ள கிறைஸ்ட் சர்ச்சுக்குத் தமிழ் ஆராதனை ஒன்றுக்குப் போயிருந்தேன். போடிங்கில், அதாவது பள்ளிக்கூட விடுதியில், என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் இப்போது அங்கே பாடகர் குழுவில் இருக்கிறான். "கிறிஸ்மஸ் பாட்டு, வா" என்றான். நான் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நேராக வந்தவன். நெற்றியில் திருநீறு பாதி அழிந்தும் அழியாமலும் இருந்திருக்கிறது. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். வாங்கி மடியில் வைத்தேன், கடைசிவரை திறக்கவில்லை. முதலாம் கவி, இரண்டாம் கவி, மூன்றாம் கவி எல்லாம் தானாக வந்தன. கீழ்க்குரல் எடுக்க வேண்டிய இடத்தில் கீழ்க்குரலும் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் வாயையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்டேவிட்டார்: "ஐயா, நீங்க எந்தச் சபை?"

"யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, போடிங் சபை" என்று நண்பன் முந்திக்கொண்டான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு நின்று சொல்ல நேரமில்லாமல் போனதை, கல்லூரி மலர்க்குழுவினர் கட்டுரை கேட்ட சாட்டில் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து முதலில் பரி. யோவானுக்குப் போனவர் அப்பு, அம்மாவின் அப்பா. ஜேக்கப் தொம்சன் அதிபராக இருந்த காலம் அது. அங்கே படித்த ஆங்கிலத்தோடு கப்பலேறி, மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து, வயது போனதும் திரும்பி வந்து, ஊரில் "மலாயாப் பென்சனியர்" ஆனவர். மிஷன் பள்ளிக்கூடம், ஒரு ஆங்கிலச் சோதனை, கப்பல், ரயில்வே அல்லது கந்தோர் வேலை என்று அப்போது யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு நேர்ப்பாதை இருந்தது. போன இடத்தில் பிறந்து, திரும்பி வந்து படித்த பிள்ளைகளும் உண்டு. தமிழரசுக் கட்சித் தலைவராக இருந்த தந்தை செல்வா 1898-இல் பிறந்தது மலாயாவின் ஈப்போவில். அவர் பிறகு படித்த பள்ளிக்கூடங்களில் எங்களுடையதும் ஒன்று. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது அந்தப் பாதையின் கடைசி வண்டியில் நானும் ஏறியிருக்கிறேன் போலத் தோன்றுகிறது.

1971-இல் எனக்குப் பதினொரு வயது. கிளிநொச்சியில் வயல் செய்துகொண்டிருந்த அப்பா, பக்கத்துப் பள்ளிக்கூடமே போதும் என்றார். அப்பு விடவில்லை. ஆச்சி ஒரு கிழமை அழுதார்.

"பிள்ளையைக் கொண்டுபோய் வேதத்திலை சேர்த்துப் போடுவாங்கள்." ஆச்சிக்கு வேதம் என்றால் கிறிஸ்தவம்.

அப்பு சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடியே, "என்னைச் சேர்த்தவங்களே? நானும் இருந்தனான்தானே" என்றார்.

ஆச்சியின் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. மிஷனரிமாரை எதிர்த்துச் சைவத்துக்காக நின்ற ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்தது 1822 டிசம்பரில். சர்ச் மிஷனரி சங்கத்துப் பாதிரியார் ஜோசப் நைற் எங்கள் கல்லூரியைத் தொடங்கியது 1823-இல், அதே நல்லூரில். பிறகுதான் அது சுண்டிக்குளிக்கு வந்தது, 1891-இல் பரி. யோவான் என்ற பெயரையும் எடுத்தது. ஆக நாவலரும் எங்கள் கல்லூரியும் ஒரே ஊரில் பிறந்த சமவயதுக்காரர். அந்த இரண்டு பிள்ளைகளின் வழக்கு யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டு விறாந்தைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. எங்கள் விறாந்தையில் அப்பு வென்றார்.

தோற்றாலும் ஆச்சி ஆயுதம் தராமல் அனுப்பவில்லை. முடிந்துபோன சித்தாலேபக் களிம்பு டப்பா ஒன்றைச் சாம்பல் போட்டு மினுக்கி, வெயிலில் காயவைத்து, அதற்குள் திருநீற்றைப் பெருவிரலால் அமத்தி அமத்தி நிரப்பினார். மூடியைத் திருகிவிட்டு ஒருமுறை மணந்து பார்த்தார். அந்த மணம் போகவில்லை, எத்தனை முறை கழுவினாலும் போகாது. போடிங்கில் இருந்த காலம் முழுக்க என் திருநீறு தலையிடி மருந்து மணந்தது.

முதல் நாள் விடிய ஐந்தரைக்கு மணி அடித்தது. எழும்பி, சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வைக்குள் டப்பாவைத் திறந்து ஒளித்துப் பூசினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "எடே தம்பி, ஏன் களவாப் பூசுறாய்? எனக்கும் கொஞ்சம் தா." பெரிய வகுப்பு அண்ணை ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். போடிங்கில் எத்தனையோ பேர் சைவப் பிள்ளைகள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு மாதத்துக்குள் டப்பாவின் அடி தெரிந்தது. "திருநீறு முடிஞ்சுபோச்சு, அனுப்பவும்" என்று வீட்டுக்குக் கடிதம் போட்டேன். ஆச்சி அந்தக் கடிதத்தைத் தெருவெல்லாம் வாசிப்பித்தாராம். பேரன் அவ்வளவு பக்தியாகிவிட்டான் என்று.

மணிதான் அங்கே எசமான். எழும்ப மணி, படிக்க மணி, குளிக்க மணி, பிரார்த்தனைக்கு மணி, சாப்பாட்டுக்கு மணி, விளக்கணைக்க மணி. கிணற்றடித் தொட்டியைச் சுற்றி நின்று வாளியால் அள்ளி ஊற்றும்போது சவர்க்காரம் கண்ணில் இருக்கும், அடுத்த மணி அடித்துவிடும். பாதிச் சவர்க்காரத்தோடு காற்சட்டை போட்ட நாட்கள் எனக்குப் பல. சாப்பாட்டறையில் மட்டும் மணி சின்னது. எல்லாரும் வாங்குக்குப் பின்னால் நிற்போம். பிறிபெக்ட் அண்ணை தட்டுவார், ஆங்கிலத்தில் இரண்டு வரி நன்றி சொல்வார், நாங்கள் "ஆமென்" போட்டுவிட்டுத்தான் உட்காரலாம். பாண், சம்பல், சொதி எல்லாம் அதுவரை கண்ணால் சாப்பிட வேண்டியது. முதல் மாதத்தில் நான் அந்த ஆமெனை வாய்க்குள் விழுங்கிவிடுவேன். ஆறாம் மாதத்தில் எல்லாருக்கும் முந்திச் சொன்னேன், பசியில்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் எனக்கு நினைவில் நிற்பது பாட்டு மட்டும். பிரசங்கத்தின்போது நான் நித்திரை. கரோல் பழக்கம் தொடங்கினால் மூன்றாம் தவணை முழுக்க நாங்கள் படுக்கும் டோமில் அதே பாட்டுத்தான், கிணற்றடியிலும் அதுதான். ஒருமுறை லீவுக்கு வீட்டுக்குப் போனபோது மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே நான் அதைப் பாடியதை ஆச்சி கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு என்னைப் பக்கத்தில் இருத்தி ஒரு தேவாரப் பதிகம் முழுவதையும் பாடமாக்க வைத்தார்.

1973, 74 வருடங்களில் அங்கிருந்தவர்களுக்கு வேறொரு நினைவும் இருக்கும். நாடு முழுக்க மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. பாணுக்கு விடியமுன் கியூ. வெங்காயம், மிளகாய் இறக்குமதி நின்றதில் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், எங்கள் மேசையில் மரவள்ளிக்கிழங்கு ஏறியது. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு. வழியில் மறித்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு பிள்ளை கிழங்கு சாப்பிடுவதை அம்மாவால் தாங்க முடியவில்லை. என் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைக் கொட்டிவிட்டு அரிசி நிரப்பினார். மேலுக்கு ஒரு படை பஞ்சு வைத்துத் தைத்தார்.

கிளிநொச்சியில் யாழ்தேவி ரயில் ஏறியதிலிருந்து அந்தத் தலையணையை விட்டுத் தலையை எடுக்கவில்லை. கருங்கல்லில் படுத்த மாதிரி இருந்தது. ஆனையிறவுக்குக் கிட்ட ஒரு உத்தியோகத்தர் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, சுகமில்லையோ?"

தலையாட்டினேன். நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். வியர்வையில் குளிர்ந்து கிடந்திருக்கும். "வீட்டை போய்ப் படு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யாழ்ப்பாண ஸ்ரேசனில் தலையணையைத் தோளில் போட்டுக்கொண்டு வீரனாக இறங்கினேன். வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பிளாட்போம் நெடுக ஒரு வெள்ளைக்கோடு, அதன்மேல் காகங்கள். தையல் விட்டிருக்கிறது. மிஞ்சியதைப் போடிங் சமையற்காரர் சுளகில் போட்டுப் புடைத்தார், குசினி முழுக்கப் பஞ்சு பறந்தது. எங்கள் மேசைக்கு ஆளுக்கு ஓர் அகப்பைச் சோறுகூட வரவில்லை. அதற்கும் எழுந்து நின்று, நன்றி சொல்லி, ஆமென் போட்டுத்தான் உட்கார்ந்தோம். பல்லுக்குள் பஞ்சு.

கரண்ட் நிற்கிற இரவுகள் எங்களுக்குத் திருவிழா. படிப்பு மேசையில் எல்லாரும் குனிந்திருக்க, பொக்கென்று இருட்டும். அடுத்த விநாடி எங்கிருந்தோ ஒருவன் கல்லூரியின் இலத்தீன் மகுடவாக்கியத்தை அடித்தொண்டையில் கத்துவான்: "லூக்ஸ் இன் ரெனெப்ரிஸ் லூசெற்!" ஒளி இருளிலே பிரகாசிக்கிறது. பெற்றோல்மாக்ஸ் வரும்வரைக்கும் அதே முழக்கம். எங்களில் பலருக்குத் தெரிந்த மொத்த இலத்தீனும் அவ்வளவுதான். ஆனால் அர்த்தத்தை ஒருவரும் பிழைவிடமாட்டோம்.

யாழ்ப்பாணம் சென்றல் கல்லூரியோடு நடக்கும் கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட்டால் மலரில் பேரே போடமாட்டார்கள். 1904-இல் தொடங்கிய வடக்கின் பெரும் போர். போட்டிக்கு முந்திய இரவு பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்துச் சிவப்பும் கறுப்புமாகச் சாயம் போடுவோம். ஒரு வருடம் யாரோ ஒரு மகராசன் சாயவாளியைக் குளிக்கும் தொட்டிக்குள்ளேயே கழுவிவிட்டான். விடிய இருட்டில் குளித்துவிட்டு வெளிச்சத்துக்கு வந்தால் பெனியன், துவாய், காது மடல் எல்லாம் இளஞ்சிவப்பு. அந்தக் கோலத்திலேயே சென்றல் மைதானத்துக்குப் போனோம். அங்கே படித்த என் பெரியம்மாவின் மகன் இன்றைக்கும் கனடாவிலிருந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அப்பு மலாயாத் தொப்பியோடு வந்து, வெயிலில் இரண்டு நாளும் அசையாமல் இருந்து பார்த்தார். யார் வென்றது என்று நான் எழுதாததிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

1978-இல் வெளியேறினேன். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. பல்கலைக்கழக இடங்களை மாவட்ட அடிப்படையில் பங்கிடும் முறை வந்திருந்தும், கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடக்கம் என்பதால் அதுவும் உதவவில்லை. கட்டடப் படம் வரையப் பழகி, 1982-இல் இங்கே ஒரு கட்டடக் கம்பனிக்கு வந்து சேர்ந்தேன்.

நான் மேல்வகுப்பில் இருந்த 1976-இல் சி. ஈ. ஆனந்தராஜன் அதிபரானார். 1985 ஜூன் 26-ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி கிடைத்த அன்று பின்னேரம் நண்பன் வேலைத்தலத்துக்கு வந்தான். இருவரும் ஒன்றும் கதைக்காமல் நடந்து சென் அன்ரூஸ் பேராலயத்துக்குள் போனோம். அந்தக் கட்டடத்தை எழுப்பியது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் என்றும், முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்த மதராஸ் சுண்ணாம்புதான் அந்தச் சுவர்ப் பூச்சென்றும் பிற்பாடு அறிந்தேன். அன்று அது குளிர்ச்சியான ஒரு வெள்ளை அறை, அவ்வளவுதான். நண்பன் முழந்தாளிட்டான். நான் எழுந்து நின்றேன். போடிங்கில் நாங்கள் சைவப் பிள்ளைகள் வைத்திருந்த வழக்கம் அது: முழந்தாளிடுகிற இடத்தில் எழுந்து நிற்பது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது பாடாங் மைதானத்தில் யாரோ கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நாங்கள் இங்கே நாலு பேர். மூன்று பேர் சைவம், ஒருவன் பாடகர் குழு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தைக்கு மேலேயுள்ள... இல்லை, கீழே, சாப்பாட்டுக் கடைகளில் சந்திப்போம். மேலே துணிக்கடைகள். எனக்கு இது எப்போதும் மாறும். தோசை வரும். யாரும் தொடமாட்டோம். திட்டமிட்டு ஒன்றும் இல்லை, கை போகாது. பிறகு நாலு பேரில் யாராவது ஒருவன் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவான்.

போன முறை தட்ட மறந்து கதைத்துக்கொண்டே இருந்துவிட்டோம். கடைக்காரத் தங்கச்சி வந்து, "என்ன அங்கிள், தோசை சரியில்லையா? வேற சுட்டுத் தரவா?" என்று கேட்டது.