காணாமல் போன 23 நிமிடங்கள்

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளை இயக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கு எங்கள் ஓட்டுநர்களுக்குக் காத்திருப்புப் படி உண்டு. வண்டி வரிசையில் சேர்ந்த நேரத்தை ஜிபிஎஸ் கருவி யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும், யார்டுக்குள் நுழைந்த நேரத்தைக் கேட் பதிவேடு இந்திய நேரத்திலும் தருகின்றன. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன்.

முதல் பிழை எளிதில் அகப்பட்டது. 05-03-2024 என்ற மார்ச் 5ஆம் தேதியை, அட்டவணைகளைப் படிக்க நான் பயன்படுத்திய பாண்டாஸ் நூலகம் மே 3 என்று படித்திருந்தது. 13ஆம் தேதி முதல் மாதமாகக் கொள்ள வழியில்லாததால், 2.0க்கு முந்தைய எங்கள் பதிப்பு, பிழை என்று நிற்காமல் நாளை முன்னால் வைத்துப் படித்துவிட்டது. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை வெளிப்படையாக எழுதிக் கொடுத்ததும் அது தீர்ந்தது.

இரண்டாவது பிழையை ஒரு மூத்த ஓட்டுநர்தான் சொன்னார். "தம்பி, முழுசா ரெண்டு மணி நேரம் லைன்ல நின்னேன். ஒண்ணே முக்கால்கூட வரலையே?" முதலில் ஜிபிஎஸ் கருவியையும், பிறகு கேட் கடிகாரத்தையும் சந்தேகப்பட்டேன். பத்து வரிகளை எடுத்துக் கையால் கணக்கிட்டபோது, ஒவ்வொன்றிலும் சரியாக 23 நிமிடம் குறைந்திருந்தது. பிந்தி ஓடும் கடிகாரம் என்றால் அந்த வேறுபாடு நாளுக்கு நாள் மாறியிருக்கும். இது மாறவே இல்லை.

கேட் நேரத்தை நேர வலய விவரத்தோடு அச்சிட்டுப் பார்த்தேன். யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று காட்டும் +05:30 இருக்க வேண்டிய இடத்தில் +05:53 இருந்தது. இந்திய நேரத்துக்கான ஆசியா/கொல்கத்தா வலயத்தின் தரவு, கல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரமான 5:53:28இல் தொடங்கி, 1870 முதல் 5:21:10 என்ற மதராஸ் நேரத்துக்கும், 1906 முதல் இன்றைய 5:30க்கும் வருகிறது. ஒரு காலத்தில் ரயில்களுக்குப் பொது நேரமாக இருந்த நம் ஊர் நேரம் அந்தத் தரவில் இன்னும் இருப்பதைக் கண்டு, அவசரத்துக்கு நடுவிலும் சற்று நின்றுவிட்டேன். நேர வலயங்களுக்கு நான் பயன்படுத்திய பைடிசெட் நூலகத்தின் வலயத்தை ஒரு நேரத்தை உருவாக்கும்போதே நேரடியாகப் பொருத்தினால், தேதியைப் பார்க்காமல் தரவின் முதல் வரியான பழைய கல்கத்தா நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. அதன் லோக்கலைஸ் செயல்கூறு வழியாகத்தான் பொருத்த வேண்டும். நான் அதைவிட, பைத்தான் 3.9 முதல் உள்ளேயே வரும் ஜோன்இன்ஃபோ என்ற நேர வலய நூலகத்துக்கு மாறிவிட்டேன்.

பழைய மாதங்களின் ஜிபிஎஸ் கோப்புகள் அழிந்துவிட்டிருந்தன. ஆனாலும் பிழை எல்லாப் பயணத்துக்கும் ஒரே அளவு என்பதால், கையிலிருந்த படிச் சீட்டுகளில் பயணத்துக்கு 23 நிமிடம் வீதம் கூட்டி நிலுவையைக் கணக்கிட முடிந்தது. அந்தப் பட்டியலில் முதல் பெயராக அந்த மூத்த ஓட்டுநரின் பெயரை எழுதினேன்.