திரையில் சரியாக இருக்கும் முகம், பேப்பரில் ஏன் சிவக்கிறது?

ஃபோட்டோஷாப்பில் பிரிண்ட் கொடுத்ததும் முகம் செக்கச்செவேலென்று வந்தால், பெரும்பாலானோர் முதலில் தொடுவது நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸை. சிவப்பைக் குறைத்து, பச்சையைக் கூட்டி, நாலு பேப்பரைத் தீர்ப்பார்கள். அடுத்த படத்துக்கு அந்தத் திருத்தம் உதவாது. படத்தைத் தொடும் முன் தவறு எங்கே நடக்கிறது என்று பாருங்கள்.

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. படத்தின் ஓரத்தில் ஒரு சிறு பட்டை போட்டு, ஆர், ஜி, பி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றுக்கும் 128 கொடுத்து நிரப்புங்கள். பிரிண்டில் அந்தச் சாம்பல் பட்டை சாம்பலாகவே வந்து முகம் மட்டும் சிவந்தால், கோளாறு படத்தில். பட்டையே ரோஸ் அடித்தால் படம் நிரபராதி. செட்டிங்கையோ இங்க்கையோ பாருங்கள்.

இங்க்கை முதலில் முடித்துவிடலாம். இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று கோடுகள் அச்சிட்டுக் காட்டும் நாசில் செக் எடுங்கள். எப்சன் எல்805 போன்ற ஆறு கலர் பிரிண்டர்களில் லைட் மெஜந்தா கோடுகள் விட்டுப்போனால், முகம் பச்சை பாய்ந்து நோயாளி மாதிரி வரும். அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை இரண்டு, மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் இங்க், கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குத்தான் போகிறது. ஒரு ராத்திரி சும்மா விட்டுவிட்டு, காலையில் மறுபடி நாசில் செக் எடுங்கள்.

கோடுகள் முழுசாக இருந்தும் முகம் சிவந்தால், அநேகமாக கலர் இரண்டு முறை மாற்றப்படுகிறது. பிரிண்ட் ஜன்னலில் கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் 'ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்தால், அந்தப் பேப்பரில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் புரொஃபைல் ஃபைல்படி ஃபோட்டோஷாப்பே நிறத்தை மாற்றி அனுப்பிவிடும். அதன் பிறகு பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேரான ட்ரைவரும் தன் பங்குக்குத் திருத்தினால், ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதைதான். ஆகவே அதே ஜன்னலில் பிரிண்ட் செட்டிங்ஸைத் திறந்து, எப்சனில் கலர் கரெக்‌ஷனை கஸ்டமாக்கி 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' கொடுங்கள். கேனனில் மேனுவல் கலர் அட்ஜஸ்ட்மென்ட்டுக்குள் மேட்சிங்கை 'நன்' ஆக்குங்கள். உங்கள் பேப்பருக்குப் புரொஃபைலே இல்லையென்றால், 'பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்' வைத்து எல்லாவற்றையும் ட்ரைவரிடம் விடுவதுதான் நல்லது. யாராவது ஒருவர்தான் திருத்த வேண்டும். பேப்பர் வகையும் முக்கியம்: கிளாஸி பேப்பரை வைத்துவிட்டு ட்ரைவரில் ப்ளெயின் பேப்பர் என்று விட்டால், இங்க்கின் அளவே மாறிவிடும்.

இன்க்ஜெட்டுக்குப் படத்தை சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நான்கு நிற முறை) ஆக்க வேண்டாம். அது ஆஃப்செட் அச்சகத்துக்கு. வீட்டிலும் ஸ்டுடியோவிலும் இருக்கும் இன்க்ஜெட் ட்ரைவர் ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கிறது. முன்கூட்டியே மாற்றினால் நல்ல நீலமும் பச்சையும் வீணாக மங்கும்.

பிரிண்ட் மொத்தமாக இருட்டாக வந்தால், பெரும்பாலும் மானிட்டர் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். அதைக் குறைத்துவிட்டு எடிட் செய்யுங்கள்.

அடுத்தது அளவு. 35 x 45 மி.மீ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஸ்கேல் வைத்து அளந்தால் 36, 37 என்று வருகிறதா? ஓரமில்லாமல் அச்சிடும் பார்டர்லெஸ்தான் காரணம். ஓரத்தில் வெள்ளை விடாமலிருக்க, ட்ரைவர் படத்தையே கொஞ்சம் பெரிதாக்கி வெட்டும். 4 x 6 அங்குலப் பேப்பரில் எட்டு படம் வைக்க பார்டர்லெஸ் தேவையே இல்லை. நீளவாக்கில் நான்கு படம் 140 மி.மீ., இரண்டு வரிசை 90 மி.மீ. பேப்பரோ சுமார் 102 x 152. சுற்றிலும் 3 மி.மீ. ஓரம் போனாலும் 96 x 146 மிஞ்சும். படங்களுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளியும் கிடைக்கும். 300 ரெசல்யூஷனில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஒரு படம் 413 x 531 பிக்சல். பிரிண்ட் ஜன்னலில் 'ஸ்கேல் டு ஃபிட் மீடியா' டிக்கை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். படம் அச்சிடும் பரப்பைவிடப் பெரிது, ஓரம் வெட்டுப்படும் என்று எச்சரிக்கை வந்தால், ட்ரைவரில் பேப்பர் ஏ4, 4 x 6 எதில் நிற்கிறது என்று பாருங்கள்.

நிறமும் அளவும் போக, பிரிண்ட்டே ஆகாமல் 'புரோகிராம் எரர்' என்று நிற்பதும் உண்டு. பிரிண்ட் செட்டிங், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. வேறு கம்ப்யூட்டரில், வேறு பிரிண்டருக்கு அமைத்த ஃபைல் உங்களிடம் வந்தால் முரண்டு பிடிப்பது இதனால்தான். ஃபைல் மெனுவைத் திறந்து, ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தபடியே பிரிண்டைக் கிளிக் செய்தால் பழைய செட்டிங் நீங்கிவிடும். கேட்காவிட்டால், அதே படத்தை ஜேபெக்காகச் சேமித்து விண்டோஸிலிருந்து நேரடியாக அச்சிடுங்கள். அங்கே வந்தால் சிக்கல் ஃபோட்டோஷாப்பில்: நீங்கள் பதிவு செய்து வைத்த ஆக்‌ஷன்களைத் தனியே சேமித்துவிட்டு, ஃபோட்டோஷாப் திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்து செட்டிங்ஸை அழியுங்கள்.

அங்கேயும் வராவிட்டால் பிரிண்ட் கியூ (அச்சிடக் காத்திருக்கும் வரிசை) அடைத்திருக்கலாம். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அந்த வரிசையை நடத்தும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அதிலிருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரை மீண்டும் ஓட விடுங்கள். பிரிண்டர்ஸ் ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள்.