வெர்லேன் கவிதைக்கு மெட்டு: மூன்றாம் வரைவு வரை

எடுத்துக்கொண்டது பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேனின் ‘ஷான்சோங் தொதோன்’ (இலையுதிர்காலப் பாட்டு, 1866). மூன்று பத்தி, பத்திக்கு ஆறு வரி, அசைக்கணக்கு 4-4-3, 4-4-3. மெட்ஸோ குரலுக்கு (பெண்குரலில் நடு ஸ்தாயி), டி மைனரில், 6/8 தாளம்: ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஆறு குவேவர் (சிறு கால அளவு).

முதல் வரைவு கெட்டது அசை எண்ணாததால்தான். பேச்சில் ‘வியோலோங்’ இரண்டு அசை. இங்கே வி-ஓ-லோங் என மூன்றாகப் பிரித்தால்தான் ‘தே வியோலோங்’ நாலு அசை நிறையும். ஆனால் இரண்டாம் பத்தியின் ‘ஆன்சியேங்’ பிரியாது, இரண்டே அசை. பொது விதி என்று எதையும் நம்பாமல் வரிக்கு வரி விரல்விட்டு எண்ண வேண்டும்.

அழுத்தமும் தப்பியிருந்தது. பிரெஞ்சில் அழுத்தம் சொற்கூட்டத்தின் கடைசி அசையில் விழும். ‘லே சாங்லோ லோங்’ வரியில் ‘சாங்’ பாரின் முதல் அடியில் நின்றதால் வேற்று மொழி போல் ஒலித்தது. இரண்டாம் வரைவில் ‘லே-சாங்-லோ’ மூன்று குவேவராக முந்தைய பாரின் பின்பாதியிலேயே எடுப்பு. ‘லோங்’ முதல் அடியில், டாட்டட் கிராட்செட் (மூன்று குவேவர் நீளம்). தமிழில் ‘ங்’ என்று எழுதினாலும் வாயில் அது வரக்கூடாது. உயிரொலியை மூக்கில் நிறுத்தி அப்படியே விட வேண்டும். உச்ச ஸ்வரத்தில் மூக்கொலி நெரியும் என்பதால் ‘லோங்’ நடு ஸ்தாயியிலேயே இருக்கிறது.

ஊமை ‘எ’ (பேச்சில் ஒலிக்காமல் விடப்படும் e) தனி வேலை. ‘ப்லெ-செ மோங் கேர்’ வரியின் ‘செ’ பேச்சில் காணாமல் போகும், பாட்டில் அதற்கு முழு குவேவர். ‘மொனொதோன்’ போன்ற வரியின் கடைசியில் வருவதற்கும் ஒரு குவேவர் உண்டு, ஆனால் முந்தைய ஸ்வரத்திலேயோ அதற்குக் கீழோ, மெல்ல. மேலே ஏற்றினால் அழுத்தம் அங்கே ஓடிவிடும்.

அதிக நேரம் பிடித்தது கடைசிப் பத்தி. ‘பரெய் ஆ லா / ஃபெய்ய மோர்த்’ (உதிர்ந்த இலை போல்): வரி ‘லா’ என்ற, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் வெறும் சிறுசொல்லில் முறிகிறது, பொருள் அடுத்த வரிக்குப் பாய்கிறது. பழைய வரைவில் ‘லா’ முதல் அடியில் நீண்டு, இலை கிளையிலேயே ஒட்டிக்கொண்டது. இப்போது முந்தைய வரியின் கடைசிச் சொல் ‘தெலா’ பார் முழுக்க நீள்கிறது, மூச்சு அதன் முடிவில். பிறகு ப-ரெய்-ஆ-லா-ஃபெய்-ய ஆறு குவேவர் ஒரே பாரில் நிற்காமல் ஓடி, ‘மோர்’ அடுத்த முதல் அடியில் விழுகிறது. ‘ப’வில் அழுத்தம் சேராதிருக்க, பியானோவின் பேஸ் ஸ்வரத்தை முந்தைய பாரிலிருந்து டை போட்டு (இணைத்து நீட்டி) அந்த அடியில் புதிதாகத் தட்டாமல் விட்டாயிற்று. மொத்த பார் எண்ணிக்கை மாறவில்லை.

இரண்டாம் பத்தியிலும் ஒரு வரி ‘காங்’ (‘…போது’) என்று தொங்குகிறது. அங்கே மூச்சுத் திணறலே பொருள் என்பதால் ஒரு குவேவரில் வெட்டி, மீதியை மௌனமாக விட்டதே சரி.

பியானோ வலக்கை பாட்டையே இரட்டித்ததில் மெய்யெழுத்துகள் மங்கின. நீக்கியாயிற்று. இரண்டாம் பத்தியில் மணியடிக்கும் வரிக்கு அடி ஸ்தாயியில் டி-ஏ ஒரே தட்டு. பெடல் பாருக்கு ஒன்று.

மீதமிருப்பது இடையிசை. முதல் இரண்டு பத்திக்கு நடுவே இரண்டு பார் போதவில்லை, பாடுபவருக்கு மூன்று தேவைப்படுகிறது.