அக்கி ஆறியது, எரிச்சல் ஆறவில்லை

கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்ததும் ஆளை விட்டது அக்கி என்றுதான் நினைத்தோம். அக்கி வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் 800 மி.கி. மாத்திரையை நாளுக்கு 5 வேளை விழுங்கியாயிற்று. அம்மாவின் திருப்திக்காகக் குயவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதியும் ஆயிற்று. ஆனால் இடது விலாவில், கொப்புளம் இருந்த அதே பட்டையில், எரிச்சல் தங்கிவிட்டது. சட்டை உரசினாலே சுள்ளென்று இழுக்கும். வீட்டுக்குள் பனியனைத் தூக்கிப் பிடித்தபடிதான் நடமாட்டம். பாரசிட்டமாலுக்கு அது அசையவே இல்லை.

"வைரஸ் நரம்பையே புண்ணாக்கிட்டுப் போயிருக்கு, சாதாரண வலி மாத்திரைக்குக் கேட்காது" என்றார் நரம்பியல் மருத்துவர். எழுதிக் கொடுத்தது ப்ரீகாபாலின். "இது ஃபிட்ஸுக்குக் கொடுக்கிறதாச்சே" என்று மருந்துக் கடைக்காரர் சொல்லப்போக, வீட்டில் ஒரே கலவரம். கண்டபடி துடிக்கும் நரம்பை அடக்குவதுதான் அதன் வேலை. அதனால் இரண்டுக்கும் உதவுகிறது.

சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்தார். முதலில் இரவில் மட்டும் 75 மி.கி. காலையில் எழுந்தால் தலை கிறுகிறுக்கும், பைக்கைத் தொடவே இல்லை. அது பழகியதும் காலையிலும் ஒன்று. வலி பாதியானது, பாதம் வீங்கிச் செருப்பு வார் பதிய ஆரம்பித்தது.

அளவை மேலும் ஏற்றாமல், ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. சேர்த்தார். கண் அழுத்தம், புரோஸ்டேட் தொந்தரவு உண்டா என்றும் கேட்டுக்கொண்டார். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்து, நரம்பு வலிக்குச் சின்ன அளவிலேயே தருகிறார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டும், மலச்சிக்கல் வேறு. இருந்தாலும் தூக்கம் வந்ததே! எனக்கு அதுதான் பெரிது.

மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் களிம்பு எனக்குச் சரிப்படவில்லை, தடவினால் இன்னும் எரிந்தது. தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஒட்டுப் பட்டை நல்ல பொருள்: 12 மணி நேரம் ஒட்டிவிட்டு அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். விலைதான் கடிக்கிறது, கல்யாணம் காட்சிக்குப் போகும்போது மட்டும் ஒட்டிக்கொள்வேன். நரம்புச் சத்து மாத்திரை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பி12 குறைவு இல்லாததால் மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது காலை மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை என்று படுத்துமாம். ஏசி பேருந்தின் காற்று பட்டால் மட்டும் இன்னும் குத்துகிறது.

50 வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸ் 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். விலையைக் கேட்டதிலிருந்து போனையே எடுப்பதில்லை.