ஒரு தளபதிக்கு மூன்று குதிரை

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் ஒரு பழைய பங்களா இருக்கிறது. 1800இல் பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே திரண்ட படைக்குத் தலைமையேற்க வந்தபோது தங்கிய வீடு என்பார்கள். மான்கள் படுத்திருக்கும் அந்த இடத்தில்தான் என் பொம்மைப் படைப் பைத்தியம் தொடங்கியது.

இப்போது 1803 செப்டம்பர் 23இல் வெல்லெஸ்லி மராத்தியரை வென்ற அசாயே சண்டைக்காக, நிஜ அளவில் 72இல் ஒரு பங்காக (1/72) 19ஆவது இலகு டிரகூன் குதிரைப்படையைச் சேர்க்கிறேன். காலாட்படை என்றால் எனக்குச் சலிப்பு.

எல்லாம் மென்மையான பிளாஸ்டிக் பொம்மைகள். பெட்டிக்குள் நசுங்கி, வாள்கள் முருங்கைக்காய் மாதிரி வளைந்துதான் வரும். சுடுதண்ணீரில் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நேராகும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முதல் தடவை அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். அச்சின் எண்ணெய்ப் பசையில் வர்ணம் பிடிக்காமல், ஒரே வாரத்தில் எட்டுக் குதிரைகளின் கால்கள் உரிந்தன. "மாமா, குதிரைக்குச் சொறி" என்றான் அக்கா மகன்.

வெல்லெஸ்லிக்கு மட்டும் மூன்று குதிரை. அன்று ஒன்று குண்டடிபட்டு விழுந்தது, டயோமெட் என்ற இன்னொரு குதிரை ஈட்டிக் குத்து வாங்கியது. சரி, மூன்றாவதுக்கு என்ன நிறம் பூசுவது? இரண்டு நாளாக எனக்கும் அவனுக்கும் அதில்தான் சண்டை.