மகனிடம் எப்படிச் சொல்வது?

பெண்கள் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். போன வாரம் சேர்ந்த அம்மாவுக்கு 58 வயது. கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் நான்காக மடித்த பழைய புடவைத் துணிகள். "தீட்டு நின்னு எட்டு வருஷம் ஆச்சும்மா. ஆறு மாசமா திரும்பப் படுது. மகன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்றார். கருப்பைவாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை.

எங்களிடம் அதிகம் வருவது இதுதான். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இந்தப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்ற, உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ். அந்தத் தொற்று புற்றாக மாற, பெரும்பாலும் 10, 15 வருடங்கள் ஆகும். அவ்வளவு அவகாசம் இருந்தும் முற்றிய பிறகே வருகிறார்கள். மனசு ஆறவில்லை. முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய பரிசோதனை இருக்கிறது. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதனை. 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள்.

கருப்பையின் உட்சுவரில் வரும் புற்று, ரத்தப்போக்காகப் பெரும்பாலும் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். சினைப்பைப் புற்று அப்படியில்லை. வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அவ்வளவுதான். கேஸ் என்று மாத்திரை போட்டுக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும்.

அப்புறம், அந்த மகன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது. தினமும் தானே கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.